பத்தே காலுக்குள்

உள்ளேயே இரு என்றால் என்ன அர்த்தம்? அவங்க வந்தா நீ உள்ளேயே இரு. காலையில் பல் துலக்கிக்கொண்டே, வாயில் நுரையோடு, பால் பாக்கெட்டை எடுத்து ஃபிரிட்ஜில் வை என்பதுபோலச் சொல்லிவிட்டுப் போனார் புருஷன் சௌந்திரபாண்டி. இந்திராணி அப்போது தலையாட்டிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். சொல்ல வேண்டியதெல்லாம் இப்போதுதான் வருகிறது, ஒன்றை ஒன்று இடித்துத் தள்ளிக்கொண்டு, கேட்க ஆளில்லாத இந்த எடிட்டிங் அறையில். உள்ளேயே இல்லாமல் வேறு எங்கே இருந்தாளாம்? பதினாறு வருஷமாக இந்த அறைக்குள்தானே கிடக்கிறாள். அருப்புக்கோட்டையில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் மண்டபத்துக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவது அவர், மாப்பிள்ளைத் தோழன் மாதிரி பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு. அவர் கொண்டுவந்து கொட்டுவதை வெட்டி, ஒட்டி, தாலி கட்டும்போது குறுக்கே வந்த மாமன்மாரின் முதுகையெல்லாம் நீக்கி, மூன்று மணி நேரப் படமாக்குவது இவள். பெட்டியின்மேல் பெயர் மட்டும் சௌந்தர் வீடியோஸ். இருக்கட்டும், அதற்கெல்லாம் அவள் சண்டை போட்டதில்லை. ஆனால் உள்ளேயே இரு என்பது வேறு. அது குற்றவாளியிடம் சொல்வது. திரையில் பச்சைப் பட்டை ஊர்கிறது, மூன்று சதவீதம். சரியாக ஒன்பதே காலுக்கு, நல்ல நேரம் பிறந்த நிமிஷத்தில், ஓகே பொத்தானை அமுக்கினாள். இன்று விஜயதசமி. புது ஹார்டு டிஸ்க்கை இன்றைக்குத்தான் தொடங்க வேண்டும். பத்தே காலுக்குள் அதை ஃபார்மேட் பண்ணி, உள்ளே ஒன்றும் இல்லாமல் துடைத்து, முதல் ஃபைலாகப் பிள்ளையார் படம் ஒன்றை அதில் ஏற்றிவிட வேண்டும். அது சௌந்திரபாண்டியின் சட்டம். பிள்ளையார் ஏறாத டிஸ்க்கில் அவர் ஒரு காதுகுத்தைக்கூட ஏற்ற மாட்டார். கதவுக்கு வெளியே நின்று, "குயிக்தான போட்ட?" என்று கேட்டார். "ம்" என்றாள். பொய். குயிக் என்று எழுதியிருந்த கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட்தான் போட்டிருக்கிறாள். அது தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல டிஸ்க்கின் ஒவ்வொரு இடத்தையும் பார்த்துக்கொண்டுதான் போகும். எப்படியும் இரண்டு இரண்டரை மணி நேரம் ஆகும். பிள்ளையார் காத்திருக்கட்டும். அவர் காத்திருக்க மாட்டேன் என்று எப்போது சொன்னார், இந்த மனுஷன்தான் பறக்கிறார்.

மடியில் இருப்பது பழசு. செருகியிருப்பது புதுசு. இதை எத்தனாவது முறை சொல்லிக்கொள்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. பழைய டிஸ்க்கைக் கழற்றி, புடவைத் தலைப்பில் சுற்றி மடியில் வைத்திருக்கிறாள், அதற்குள் இந்த வருஷத்துக் கல்யாணங்கள் ஏழு தூங்குகின்றன. இருந்தாலும் ஊருக்குப் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கேஸை மூடினோமா என்று தோன்றுமே, அந்தச் சந்தேகம். ஐந்து சதவீதம். ஒருவேளை மடியில் இருப்பது புதுசாக இருந்தால்? இருக்காது, லேபிளைத் துடைத்துப் பார்த்தாளே. துடைத்துத்தானே பார்க்க வேண்டியிருந்தது! அதுதான் எரிகிறது. நேற்று மத்தியானம் அவ்வளவு சொல்லியும், ஆயுத பூஜைக்கு எது வேண்டுமானாலும் செய்யுங்க, டிஸ்க் லேபிள்மேல மட்டும் சந்தனம் பூசாதீங்க என்று சொல்லியும், காலையில் வந்து பார்த்தால் சரஸ்வதி படத்துக்கு முன்னால், பொரிகடலைத் தட்டுக்குப் பக்கத்தில், ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு, ஒரே அளவு, இரண்டு பெட்டிகளின் நெற்றியிலும் பட்டை பட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. எது பழசு எது புதுசு என்று பெத்தவளுக்கே தெரியாது. போன வருஷமும் இப்படித்தான். இதே பூச்சு, இதே நல்ல நேரம், இதே பறப்பு. இவள் பக்கத்து வீட்டுக்குச் சுண்டல் கொடுக்கப் போயிருந்தாள், வெறும் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் சௌந்திரபாண்டி கைக்கு வந்த டிஸ்க்கைச் செருகி, குயிக் ஃபார்மேட் போட்டு, பிள்ளையாரை ஏற்றி, கற்பூரமும் காட்டிவிட்டார். மறுநாளிலிருந்து அதன்மேல் ஐப்பசி முகூர்த்தங்களைக் கொட்டினார், ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு. ஒரு மாசம் கழித்து அதற்கு முன் எடுத்திருந்த, நாகஜோதி என்ற பெண்ணின் கல்யாணத்தை எடிட் பண்ணலாம் என்று, பழசு என்று நினைத்து இவள் இன்னொரு டிஸ்க்கைத் திறந்தபோது அது புது மண்பானை மாதிரி காலியாக இருந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் திரையைப் பார்க்கவில்லை, இவளைப் பார்த்தார். நீ எதையாவது தட்டினியா என்றார். முதல் கேள்வியே அதுதான்.

ஒன்பது சதவீதம். மின்விசிறி மேலே டக் டக் என்கிறது, ஏசி போட்டால் அதைப் போடாதே என்று ஆயிரம் முறை சொல்லியாகிவிட்டது, போகட்டும். எதில் விட்டாள்? நீ தட்டினியா. சரி, பயத்தில் கேட்டுவிட்டார் என்று அதையும் விட்டுவிடலாம். ஆனால் அன்றைக்குச் சாயந்திரம் நிதானமாக, காபி குடித்துவிட்டு, தோளில் கை வைத்து ஒன்று சொன்னாரே. "இங்க பாரு இந்திரா, ஆம்பளை தப்புப் பண்ணுனா தொழில் போயிரும். பொம்பளை தப்புப் பண்ணுனா, பாவம் தெரியாமப் பண்ணிட்டான்னு விட்ருவாக." எவ்வளவு அழகாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். விட்டார்களா? கார்த்திகை பிறக்கும்வரை எடிட்டிங் ஓடுது, எடிட்டிங் ஓடுது என்று அந்தக் குடும்பத்தை இழுத்தடித்தார். கார்த்திகையில், பெண்ணின் அப்பா குருசாமி, டிராக்டர் பட்டறை வைத்திருந்தவர், பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அம்மாவும் மகளும் வந்தார்கள். அம்மா வேலம்மாள் நெற்றியில் ஒன்றும் இல்லாமல், சுவரைப் பிடித்து நடந்து வந்து, வீடியோவைக் குடுங்க தம்பி, அவரு நடக்குறதையாச்சும் பாத்துக்கிறேன், குரலையாச்சும் கேட்டுக்கிறேன் என்றாள். ஆல்பத்தில் பதினொரு போட்டோவில் இருக்கிறார் குருசாமி, பதினொன்றிலும் வாயை மூடிக்கொண்டு. செல்போனில் எடுத்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பெண்ணையும் மாப்பிள்ளையையும்தான் எடுத்திருந்தார்கள். போட்டோவுக்கு நின்ற நேரம் போக அந்த மனுஷன் சாப்பாட்டுக் கூடத்தை விட்டு வெளியிலேயே வரவில்லை. அப்போது இவள் காபித் தட்டோடு நின்றாள். நான்கு டம்ளர். சௌந்திரபாண்டி எழுந்து, கையைக் கூப்பி, கண்ணில் தண்ணீரோடு சொன்னார், அம்மா, வீட்ல தெரியாம அழிச்சிட்டாங்க, அவங்களுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன். வீட்ல! வீட்டில் யார், பூனையா? ஒரு தடவை இல்லை, நான்கு தடவை கேட்டார், இவளுக்காக. இவள் செய்யாததற்கு இவள் பெயரில் இவளைக் கேட்காமல் நான்கு மன்னிப்பு. காபி தளும்பிக் கட்டைவிரலைச் சுட்டது, சூடு இறங்கும்வரை அப்படியே நின்றாள். வேலம்மாள் இவளைப் பார்த்து, "உன் தாலிக்கு ஒண்ணு வந்தாத்தான்டி உனக்குத் தெரியும்" என்றாள். தாலி யார் கட்டியது? பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றானே, அவன்தானே. மனசுக்குள் அவன் என்றுதான் வருகிறது, கொஞ்ச நாளாகவே. வாய்தான் இன்னும் அவர் அவர் என்று மரியாதை காட்டிக்கொண்டிருக்கிறது.

அன்றைக்கு ஏன் சொல்லவில்லை? அங்கேயே, தட்டைக் கீழே போட்டுவிட்டு, இல்லை என்று சொல்லியிருக்கலாமே? மாட்டிக்கொள்கிற இடம் இதுதான், பத்து மாசமாக இங்கே வந்து மாட்டுகிறாள், புடவை கதவுத் தாழ்ப்பாளில் மாட்டுவதுபோல. புருஷனைச் சபை நடுவில் காட்டிக்கொடுப்பதா என்று நினைத்தாளா? அப்படி ஒரு பத்தினி அவள் இல்லை. சாவு வீட்டுக்காரர்கள் முன்னால் சண்டை எதற்கு என்று நினைத்தாள், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நாளைக்கு வந்தது, போனது. அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. காய்கறிக் கடையில், "கல்யாணத்த அழிச்ச அம்மா" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் கண்ணைக் காட்டுகிறாள், கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. பேங்க் வரிசையில் ஒரு கிழவர், பாத்து அமுக்குங்கம்மா என்று ஏடிஎம்மைக் காட்டிச் சிரிக்கிறார். சௌந்திரபாண்டிக்கோ பெயர் வளர்ந்தது. பொண்டாட்டி செய்ததற்கு எப்படிப் பணிந்து போனார், தங்கமான மனுஷன்! போதாததற்கு நாகஜோதிக்கு ஏழாம் மாசம் வளைகாப்பு, அதைச் சும்மாவே எடுத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். அதைப் பேசத்தான் இன்றைக்கு வருகிறார்கள், நல்ல நாளும் அதுவுமாக. இவள் உள்ளேயே இருக்க வேண்டும். பதினெட்டு சதவீதம். மடியில் இருப்பது பழசு. செருகியிருப்பது புதுசு. மேஜை டிராயரில், மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது... வேண்டாம், அதை நினைக்க வேண்டாம். நினைக்க வேண்டாம் என்றால் மனசு கேட்கிறதா. அதில் ஒரு பென் டிரைவ் இருக்கிறது. போன வருஷம் அழிந்தது தெரிந்ததும், அழிந்ததை மீட்கிற சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டு, பதினேழு நாள், அடுப்பு வேலை முடிந்த நேரமெல்லாம் இந்த நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளையார் ஏறிய அந்த டிஸ்க்கைத் துழாவினாள். கிடைத்ததெல்லாம் உடைசல், பாதி மாலை, யாரோ ஒருத்தியின் காதோரம், சத்தமில்லாத மேளம். பதினேழாம் நாள் ஒரு துண்டு முழுசாக வந்தது. ஒன்பது நொடி. சாப்பாட்டுக் கூடம். சாம்பார் வாளியோடு குருசாமி திரும்புகிறார், கேமராவைப் பார்த்ததும் முகம் சுளித்து ஒரு வார்த்தை சொல்கிறார், அவ்வளவுதான். இவள் ஓடிப்போய்ப் புருஷனிடம் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு, "துண்டைக் குடுத்தா முழுசு எங்கம்பாக. எப்படி அழிஞ்சுச்சுன்னு நோண்டுவாக. தூக்கிப் போடு" என்றார். தூக்கிப் போடவில்லை. கொடுக்கவுமில்லை. அந்த மூக்குக்கண்ணாடிப் பெட்டியை அவள் பத்து மாசமாகத் திறக்கவும் இல்லை.

வெளியே செருப்புச் சத்தம். பிளைவுட் தடுப்புதான், முன் அறையில் யார் தும்மினாலும் இங்கே கேட்கும். வாங்கம்மா வாங்கம்மா என்று சௌந்திரபாண்டியின் கல்யாண வீட்டுக் குரல். வேலம்மாளின் குரல் தேய்ந்துபோயிருக்கிறது. வளைகாப்பு வர்ற வியாழக்கிழமை தம்பி. ஆகட்டும்மா, நானே நேர்ல நின்னு எடுக்கேன். அப்புறம் அது வந்தது. வரும் என்று தெரிந்துதான் இருந்தது. "தம்பி, ஒண்ணே ஒண்ணு. உங்க வீட்டம்மா கைல மட்டும் குடுத்துறாதீக." சௌந்திரபாண்டி சிரித்தார். சிரித்தார்! "சே சே, இந்தத் தடவை நானே பாத்துக்கிறேம்மா." நானே பாத்துக்கிறேன். எதை, எந்த விரலால்? இருபத்தாறு சதவீதம். எழுந்து போய் அந்தப் பிளைவுட்டை ஓங்கி ஒரு உதை விட்டால் என்ன? பட்டை ஊர்கிறது, கால் எழவில்லை. என்னடி உட்கார்ந்திருக்கிறாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள், மடியில் ஏழு கல்யாணத்தை வைத்துக்கொண்டு, கோழி முட்டையை அடைகாப்பதுபோல. "வேக்காடு தாங்கலம்மா" என்று ஒரு இளங்குரல். "உள்ள ஏசி இருக்குல்ல, போயி உக்காரு" என்கிறாள் வேலம்மாள். இல்லம்மா, உள்ள வேலை நடக்குது என்று சௌந்திரபாண்டி தடுப்பதற்குள் கதவு திறந்துவிட்டது.

நாகஜோதி கதவைச் சாத்திவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தாள். முகம் வேர்த்துக் கிடந்தது. இந்திராணி ஏசியைக் கொஞ்சம் கூட்டினாள், தண்ணீர் பாட்டிலைத் தள்ளி வைத்தாள்.

"என்னக்கா ஓடுது?"

"புது டிஸ்க். ஃபார்மேட் ஆகுது."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை இரண்டு பேருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. இருவரும் பட்டையைப் பார்த்தார்கள். முப்பது. முப்பத்தொன்று. இந்த நாட்டில் யாருமே எழுந்து எதையுமே சொல்ல மாட்டார்களா என்று இந்திராணிக்கு ஆத்திரமாக வந்தது, அந்தப் பட்டியலில் முதல் ஆள் தான்தான் என்பதும் கூடவே வந்தது.

"அக்கா, ஒண்ணு சொல்லவா? கோவிச்சுக்கிடாதீக. அத நீங்க செய்யலன்னு எனக்குத் தெரியும்."

இந்திராணி திரும்பினாள்.

"அன்னைக்கி அண்ணன் நாலு தடவ மன்னிப்புக் கேட்டாரு. நீங்க ஒரு தடவகூடக் கேக்கல. நீங்க செஞ்சிருந்தா, அப்பாவ எரிச்சுட்டு வந்து நிக்கிற எங்க மூஞ்சியப் பாத்து, வாயத் தொறந்து கேட்டிருப்பீக. நீங்க காபித் தட்டோட கோவமா நின்னீக. தப்புப் பண்ணுனவுக மூஞ்சி அப்படி இருக்காதுக்கா."

பத்து மாசமாக இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் காத்திருந்தாள். யாராவது ஒருத்தர், காய்கறிக் கடைக்காரியாவது, சொல்ல மாட்டார்களா என்று. இப்போது வந்துவிட்டது, குளிர வேண்டும். குளிரவில்லை. அடிவயிற்றிலிருந்து புதிதாக ஒரு கொதிப்பு ஏறியது, இதுவரை இருந்ததைவிடப் பெரிசாக.

"தெரிஞ்சுக்கிட்டு பத்து மாசமா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த?"

நாகஜோதி தலையைக் குனிந்தாள். "அம்மாவுக்குத் திட்டுறதுக்கு ஒரு ஆள் வேணும்க்கா. அப்பா போனதுல இருந்து சாப்பாடே எறங்கல. உங்களப் பேச ஆரம்பிச்சா, பேசிப் பேசி, அன்னைக்கி மட்டும் ரெண்டு வாய் சாப்பிடுது. நான் நெசத்தச் சொல்லி, அதயும் புடுங்கணுமான்னு..."

"அப்ப என்னையத் தொட்டுக்கிட்டுத்தான் உங்க வீட்ல சோறு எறங்குதா? நான் என்ன ஊறுகாயா?"

குரல் உயர்ந்துவிட்டது. பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றது. நின்றால் நிற்கட்டும். ஒருத்தர் தொழிலைக் காப்பாற்ற இவள், ஒருத்தர் பசியைக் காப்பாற்ற இவள். எல்லாருக்கும் எவ்வளவு நியாயமான காரணம் இருக்கிறது! அந்தப் பிள்ளையைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது, கீழே குனிந்த தலையில் வகிட்டுக் குங்குமம் வேர்வையில் கரைந்திருந்தது, ஓங்கி ஒன்று வைக்கவும் தோன்றியது. உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் இருக்க உனக்கு எப்படி மனசு வந்தது என்று கேட்க வாயெடுத்தாள். கண் டிராயருக்குப் போய்விட்டது. ஒன்பது நொடி. ஒரு பெண் சுவரைப் பிடித்து நடந்து வந்து, குரலையாவது கேட்டுக்கிறேன் என்று சொன்னபோது அந்தக் குரல் இந்த டிராயருக்குள் இருந்தது, மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள், துணி சுற்றி. புருஷன் சொன்னான் என்று கொடுக்கவில்லையா? அதுவும்தான். ஆனால் வேலம்மாள் தாலியைச் சொன்னாளே, அன்றைக்கே மனசு ஓர் ஓரத்தில் சொல்லியது, கிட, உனக்குக் கிடைக்காது. அதைத்தான் பத்து மாசமாக நினைக்காமல் இருக்க இவ்வளவு கோபப்பட்டுக்கொண்டிருந்தாளா? தூ என்று இருந்தது.

முப்பத்தாறு சதவீதம். பழைய டிஸ்க்கை மடியிலிருந்து எடுத்து நாகஜோதியின் கையில் கொடுத்தாள்.

"இதப் புடி. யார் கேட்டாலும் குடுக்காத. செருகவும் விடாத."

டிராயரைத் திறந்து பென் டிரைவை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். முன் அறை வெளிச்சத்தில் கண் கூசியது. ஆல்பங்களைக் காட்டுவதற்கென்று சுவரில் மாட்டியிருந்த பெரிய டிவி அணைந்து கிடந்தது. வேலம்மாள் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்திருந்தாள், இளைத்து, கழுத்து நரம்பெல்லாம் தெரிய. இவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சௌந்திரபாண்டி பாதி எழுந்தார்.

"என்ன, முடிஞ்சிருச்சா? பிள்ளையார ஏத்திட்டியா?"

"இல்ல."

"இல்லையா? குயிக்தான போட்ட?"

"முழுசாத்தான் போட்டிருக்கேன். அது மத்தியானம் வரைக்கும் ஓடும்."

டிவியை ஆன் பண்ணினாள். பென் டிரைவைச் செருகியபோது அவருக்கு அது இன்னதென்று தெரிந்துவிட்டது, முகத்திலிருந்து கல்யாண வீட்டுக் களை கழன்று விழுந்தது. இந்திரா, இந்திரா என்றார், மெதுவாக, இரண்டு தடவை. அவள் ரிமோட்டை அமுக்கினாள்.

சாப்பாட்டுக் கூடம். இலைச் சத்தம். குருசாமி சாம்பார் வாளியோடு திரும்பினார், முகத்தைச் சுளித்தார். "என்னைய ஏன்யா எடுக்க? போயி எம் பொண்ண எடுய்யா." அதற்குள் முடிந்து, வாளி பாதியில் நிற்க, படம் உறைந்தது.

வேலம்மாள் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து, டிவியை நோக்கி ஒரு கையை நீட்டிக்கொண்டிருந்தாள். உள் அறைக் கதவில் நாகஜோதி, டிஸ்க்கை நெஞ்சோடு அணைத்தபடி. இந்திராணி வேலம்மாளின் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தாள். அந்த மனுஷி கேட்பதற்கு முன்னால் மறுபடியும் ஒரு முறை போட்டுக் காட்டினாள். இன்னொரு முறை. பிறகு புருஷனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்ல நேரம் முடிய இன்னும் எவ்வளவு இருக்கு?"

பழக்க தோஷம், அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நிமிசம்" என்றார்.

"போதும். சொல்லுங்க" என்றாள் இந்திராணி. "அழிச்சது யாருன்னு நீங்களே சொல்லுங்க."